பதவிக்கு ஒரு முகவரி, ஆளுக்கு ஒரு முகவரி

'தாசில்தார், லால்குடி' என்று உறையில் எழுதித் தபால் பெட்டியில் போட்டால் அது போய்ச் சேரும். அந்த நாற்காலியில் இன்று யார் உட்கார்ந்திருக்கிறார், அவர் வீடு எந்தத் தெருவில், போன மாதம் அவருக்கு மாற்றல் ஆகிவிட்டதா என்பதெல்லாம் கடிதம் எழுதுகிறவருக்குத் தெரிய வேண்டியதில்லை. தலைமையாசிரியர், ஸ்டேஷன் மாஸ்டர், கிளை மேலாளர் என்று நம் காலத்தில் எல்லாக் கடிதமும் பதவிக்குத்தான் போயிற்று. ஆள் மாறினார், முகவரி மாறவில்லை. நூறு வருஷத்துக்கு மேல் நன்றாக நடந்த இந்த ஏற்பாட்டை, மெயில் வந்ததும் நாம் கைவிட்டுவிட்டோம்.

இன்று நம் ஊரில் எந்த அடுக்குமாடிச் சங்கத்தின் லெட்டர்பேடை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். பென்ஷனர் சங்கம், வாக்கிங் நண்பர்கள் குழு, பழைய மாணவர் சங்கம், கோயில் திருப்பணிக் குழு, எதுவானாலும் சரி. மேலே சங்கத்தின் பெயர், பதிவு எண், ஆரம்பித்த வருஷம் எல்லாம் கம்பீரமாக இருக்கும். கீழே மெயில் முகவரி என்று செயலாளருடைய சொந்த முகவரி, பல சமயம் அவருடைய பேரன் திறந்து கொடுத்தது, பெயரும் பிறந்த வருஷமும் சேர்ந்தாற்போல் இருக்கும். வங்கிக் கணக்கு, மின் வாரியம், மாநகராட்சி, இன்ஷூரன்ஸ், லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம், எல்லாம் அந்த ஒரு மனிதரின் பெட்டிக்குள் விழுகிறது.

இது தவறு என்பது என் கருத்து. ஏதோ நாகரிகத்துக்காகச் சொல்லவில்லை. எந்தச் சங்கமானாலும் அதற்கென்று சொந்தமாக ஒரு டொமைன் பெயர் இருக்க வேண்டும். அதில் செயலாளருக்கு, பொருளாளருக்கு, தலைவருக்கு என்று பதவிக்கு ஒரு முகவரி இருக்க வேண்டும். ஆள் மாறும்போது முகவரி மாறக் கூடாது, அது யாருக்குப் போகிறது என்ற ஒரு வரி மட்டும் மாற வேண்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 3 வருஷத்துக்கு முன் நேரில் பார்த்த ஒரு விஷயம் மனசை விட்டுப் போகவில்லை. ஒரு குடியிருப்பு. ஊரும் பேரும் வேண்டாம். அதன் செயலாளர் 11 வருஷம் ஒரே ஆளாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். நல்ல மனிதர். ஒரு நாள் காலையில் நெஞ்சு வலி, மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. பத்தாம் நாள் காரியம்கூட ஆகவில்லை. கட்டடத்தின் தீ விபத்து இன்ஷூரன்ஸ் புதுப்பிக்க வேண்டிய தேதி எது, பணம் கட்டியாயிற்றா இல்லையா, யாருக்கும் தெரியவில்லை. கமிட்டிக்காரர்கள் 4 பேர் அந்த வீட்டுக்குப் போனார்கள். கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள்.

அந்த அம்மா போனை எடுத்து வந்து கையில் கொடுத்தார். "பாஸ்வேர்டு எல்லாம் எனக்குத் தெரியாதுங்க. அவர் விரல வச்சாத்தான் தொறக்கும்" என்றார். யாரும் ஒன்றும் பேசவில்லை.

பிறகு வெளிநாட்டில் இருந்த மகன் எதையோ யூகித்து நம்பர் சொல்ல, போன் திறந்தது. இன்ஷூரன்ஸ் கடிதமும் கிடைத்தது. ஆனால் அதைத் தேடும்போது கண்ணில் பட்டது அது மட்டுமா? ஆஸ்பத்திரி ரிப்போர்ட், தம்பியோடு நிலத் தகராறு, மகனுக்கு எழுதிய கடிதங்கள், அந்த அம்மாவுக்கே தெரியாமல் வாங்கியிருந்த ஒரு கடன். இதையெல்லாம் பார்க்க எங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது? சங்கத்தின் காகிதமும் ஒரு மனிதரின் அந்தரங்கமும் ஒரே பெட்டியில் கிடந்ததால் வந்த வினை. இறந்தவருக்கும் அவமரியாதை, வீட்டில் இருப்பவருக்கும் அவமரியாதை. என்னைப் பொறுத்தவரை, பணச் சிக்கலைவிட இதுதான் பெரிய காரணம்.

இனி இது எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன். பொதுத்துறை நிறுவனம் ஒன்றின் கம்ப்யூட்டர் பிரிவில் கடைசி 18 வருஷம் மெயில் சர்வர் என் பொறுப்பில் இருந்தது. அதனால் கை துறுதுறுக்கிறது. பொறுமை இல்லாதவர்கள் ஒரு நாலைந்து பத்தியைத் தாண்டிவிடலாம்.

மெயில் முகவரியில் @ என்ற குறிக்கு முன்னால் இருப்பது ஆள், பின்னால் இருப்பது இடம். 1971-ல் ரே டாம்லின்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் இந்தக் குறியைத் தேர்ந்தெடுத்தபோது, பின்னால் இருந்தது நிஜமான ஒரு கம்ப்யூட்டரின் பெயர். அந்தக் கம்ப்யூட்டரில் அந்த ஆளுக்கு ஒரு கணக்கு இருக்கும். வீடும் உண்டு, வீட்டில் ஆளும் உண்டு. பிறகு டொமைன் பெயர்கள் வந்தன. ஒரு டொமைனுக்கு வரும் மெயிலை எந்தச் சர்வரில் கொண்டு போய்க் கொடுக்க வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் என்ற குறிப்பு வந்தது. அப்புறம் ஒரே சர்வர் 10 டொமைனுக்கு, 100 டொமைனுக்கு மெயில் வாங்கலாம் என்றாயிற்று.

அங்கேதான் ஒரு சிக்கல். ஒரே சர்வரில் மலைக்கோட்டைப் பக்கத்துச் சங்கம் ஒன்றும், ஸ்ரீரங்கத்துச் சங்கம் ஒன்றும் இருக்கின்றன என்று வையுங்கள். இரண்டிலும் 'செக்ரட்டரி' உண்டு. பழைய முறைப்படி சர்வர் @ குறிக்கு முன்னால் உள்ள பெயரை மட்டும் பார்த்துத் தன் கணக்குகளில் தேடும். இரண்டு சங்கத்துச் செயலாளர் கடிதமும் ஒரே பெட்டியில் விழும். இங்கே உள்ளவர் கடிதத்தை அங்கே உள்ளவர் படிப்பார். இதைத் தீர்க்க வந்ததுதான் விர்ச்சுவல் டொமைன். அதாவது, முழு முகவரியையும் பார்த்து முடிவு செய்வது. நான் ஆரம்பத்தில் பழகிய சென்ட்மெயில் என்ற மென்பொருளில் இதற்கு ஒரு அட்டவணை இருந்தது. அதனுடைய அமைப்புக் கோப்பைப் பார்த்தால் யாரோ கீபோர்டு மேல் உட்கார்ந்துவிட்டார்களோ என்று தோன்றும். 1998 டிசம்பரில் வீட்ஸே வெனிமா என்பவர் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் இருந்தபடி எழுதி வெளியிட்ட போஸ்ட்ஃபிக்ஸ் வந்த பிறகு மனிதர்கள் படிக்கிற மாதிரி ஆயிற்று.

போஸ்ட்ஃபிக்ஸ் ஒவ்வொரு டொமைனையும் ஏதோ ஒரு வகையில் சேர்க்கச் சொல்கிறது. சர்வரின் சொந்த டொமைன் ஒரு வகை. விர்ச்சுவல் ஏலியாஸ் டொமைன் இன்னொரு வகை. இதில் யாருக்கும் சொந்தப் பெட்டி கிடையாது, எல்லா முகவரியும் வேறு எங்கோ கை காட்டும். விர்ச்சுவல் மெயில்பாக்ஸ் டொமைன் மூன்றாவது வகை. இதில் பெட்டி உண்டு, ஆனால் அதற்காகச் சர்வரில் ஆளுக்கு ஒரு கணக்கு திறக்க வேண்டியதில்லை. ஒரு டொமைனை ஒரு வகையில்தான் எழுத வேண்டும். சொந்த டொமைன் பட்டியலிலும் விர்ச்சுவல் பட்டியலிலும் சேர்த்து எழுதினால் லாகில் எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கும், மெயில் எதிர்பார்த்த இடத்துக்குப் போகாது. புதிதாகச் செய்பவர்கள் முதலில் இடறி விழும் கல் இதுதான்.

ஏலியாஸ் அட்டவணை என்பது ரொம்பச் சாதாரணம். நம் வீட்டுப் பால் கணக்கு நோட்டு மாதிரி இரண்டு பத்தி. இடப்பக்கம் பதவி முகவரி, வலப்பக்கம் அது போக வேண்டிய இடம். வலப்பக்கம் 2 பேர், 3 பேர் என்று காற்புள்ளி போட்டு எழுதலாம். அட்டவணையைத் திருத்திய பிறகு போஸ்ட்மேப் என்ற கட்டளையைக் கொடுத்தால் அது அமலுக்கு வரும். புதுச் செயலாளர் பதவி ஏற்ற அன்று செய்ய வேண்டிய வேலை இவ்வளவுதான். ஒரு வரி, ஒரு கட்டளை. லெட்டர்பேட் அச்சடிக்க வேண்டாம், வங்கிக்கு மனு எழுத வேண்டாம்.

இதில் அனுபவப்பட்டுச் சொல்கிற சில கருத்துகள் உண்டு. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் சண்டைக்கு வரலாம்.

முதலாவது, ஏலியாஸ் மட்டும் போதாது. ஏலியாஸ் கை காட்டி மரம் மாதிரி. வழி காட்டும், எதையும் சேர்த்து வைக்காது. பழைய செயலாளருக்குப் போன 5 வருஷக் கடிதம் அவர் பெட்டியிலேயே இருக்கும், புதியவர் வெறுங்கையோடுதான் ஆரம்பிப்பார். பதில் போடும்போதும் அவருடைய சொந்த முகவரியில் இருந்துதான் போகும், வாங்குகிறவர் அடுத்த முறை அந்தச் சொந்த முகவரிக்கே எழுதுவார், கதை பழைய இடத்துக்கு வந்துவிடும். இன்னொரு சங்கடமும் உண்டு. வங்கி அனுப்பிய மெயிலை நம் சர்வர் வாங்கி வேறு இடத்துக்குத் திருப்பி விட்டால், வாங்கும் இடத்தில் 'வங்கியின் பெயரில் வேறு யாரோ அனுப்புகிறார்கள்' என்று சந்தேகப்பட்டு ஸ்பேமில் தள்ள வாய்ப்பு உண்டு. எஸ்பிஎஃப் என்ற சோதனை அனுப்பும் சர்வரின் எண்ணைப் பார்க்கிறதே, அதனால்.

ஆகையால் செயலாளர், பொருளாளர் இரண்டுக்கும் நிஜமான பெட்டி வேண்டும். பதவி போகும்போது சாவியைக் கொடுப்பது போல் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும், வாங்கியவர் அன்றே அதை மாற்ற வேண்டும். தகவல், புகார், விழாக் குழு போன்றவற்றுக்கு ஏலியாஸ் போதும். டொமைனை மெயில்பாக்ஸ் வகையில் எழுதிவிட்டால், பெட்டி உள்ள முகவரியும் ஏலியாஸ் முகவரியும் ஒரே டொமைனில் சேர்ந்து இருக்கலாம், ஒன்றுக்கு ஒன்று தடையில்லை.

இரண்டாவது, எந்த ஏலியாஸும் ஒரே ஆளுக்குப் போகக் கூடாது. குறைந்தது 2 பேர். ஒருவர் காசிக்குப் போயிருப்பார், ஒருவருக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருக்கும். நம் வயசில் இதெல்லாம் நடப்பதுதான்.

மூன்றாவது, 'எது வந்தாலும் வரட்டும்' என்று ஒரு வரி எழுதும் ஆசை. கேட்ச் ஆல் என்பார்கள். முகவரியின் முன்பகுதி எதுவாக இருந்தாலும், எழுத்துப் பிழையாக இருந்தாலும், எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் வாங்கிக்கொள்வது. கேட்க நன்றாக இருக்கும். ஸ்பேம் அனுப்புகிறவன் ராமன், கிருஷ்ணன், அட்மின், சேல்ஸ் என்று ஆயிரம் பெயர் போட்டு அனுப்புவான், ஆயிரமும் உள்ளே வரும். அதைவிட மோசம், முகவரியைத் தப்பாக எழுதிய நல்லவருக்கு அது தப்பு என்றே தெரியாமல் போய்விடும். இல்லாத முகவரி என்றால் வாசலிலேயே 'இப்படி ஒருவர் இங்கு இல்லை' என்று திருப்புவதுதான் மரியாதை. போஸ்ட்ஃபிக்ஸில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. ஏலியாஸ் அட்டவணையில் கேட்ச் ஆல் வரி இருந்தால், பெட்டி வைத்திருப்பவர்களின் கடிதத்தையும் அது அள்ளிக்கொண்டு போய்விடும். ஒவ்வொரு பெட்டிக்கும் 'இவருடையது இவருக்கே' என்று தனி வரி எழுதினால்தான் தப்பும்.

நான்காவது, 'போஸ்ட்மாஸ்டர்' என்ற முகவரி இருந்தே ஆக வேண்டும். 1982-ல் வந்த மெயில் விதிமுறையிலிருந்தே அது கட்டாயம். மெயிலில் கோளாறு என்றால் உலகத்தில் எந்த மூலையில் இருப்பவரும் அந்தப் பெயருக்கு எழுதலாம். 1997-ல் வந்த இன்னொரு ஆவணம் தகவல், விற்பனை, உதவி, முறைகேடு என்று எந்தெந்த வேலைக்கு எந்தப் பெயர் வைக்கலாம் என்று ஒரு பட்டியலே கொடுத்தது. கம்ப்யூட்டர்காரர்களுக்கும் அன்றே தெரிந்திருக்கிறது, முகவரி ஆளுக்கு அல்ல, வேலைக்கு என்று.

ஐந்தாவது, டொமைன் யார் பெயரில்? இதில்தான் நிறையச் சங்கங்கள் மாட்டிக்கொள்கின்றன. வெப்சைட் போட்டுக் கொடுத்த பையன் தன் கணக்கிலேயே டொமைனையும் வாங்கிவிடுவான். 3 வருஷம் கழித்து அவன் பெங்களூரு போய்விடுவான், போன் எடுக்க மாட்டான். டொமைன் சங்கத்தின் பெயரில், சங்கத்தின் கணக்கில், சங்கத்தின் காசோலையில் வாங்கப்பட வேண்டும். புதுப்பிக்கும் தேதி மினிட்ஸ் புத்தகத்தில் இருக்க வேண்டும். புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல் அதே டொமைனில் உள்ள முகவரிக்கு மட்டும் போகிற மாதிரி வைக்கவே கூடாது. டொமைன் காலாவதியானால் அந்த முகவரியும் சேர்ந்து செத்துப்போகும். சாவியை வீட்டுக்குள் வைத்துவிட்டுக் கதவைச் சாத்துவது போல. வெளியில் வேறு ஒரு முகவரியும் கொடுங்கள்.

ஆறாவது, இவ்வளவு சொன்னவன் சொல்கிறேன், வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்து நீங்களே மெயில் சர்வர் நடத்தாதீர்கள். பேரன் ஆசைப்பட்டால் கற்றுக்கொள்ளட்டும், நல்ல விஷயம், அதற்குச் சங்கத்தின் கடிதங்களைப் பணயம் வைக்காதீர்கள். வீட்டு இணைப்பில் மெயில் அனுப்பும் 25-ஆம் வாயிலைப் பெரும்பாலும் அடைத்து வைத்திருப்பார்கள். அனுப்பினாலும் பெரிய நிறுவனங்கள் வீட்டு எண்ணை நம்பாது. மாதக் கட்டணத்துக்கு மெயில் சேவை தருகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் தரும் திரையிலும் இதே டொமைன், இதே பெட்டி, இதே ஏலியாஸ்தான். உள்ளே நடப்பது தெரிந்தால் திரையில் எதை அழுத்துகிறோம் என்பது புரியும் என்றுதான் இவ்வளவு நீட்டினேன்.

தமிழில் முகவரி வைக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வைக்கலாம். '.இந்தியா' என்று தமிழிலேயே முடியும் டொமைன் இருக்கிறது. @ குறிக்கு முன்னாலும் தமிழ் எழுத்து வரலாம் என்று 2012-லேயே விதி வந்துவிட்டது. ஆனால் இரண்டு பக்கத்துச் சர்வரும் அதை ஏற்க வேண்டும், நிறைய விண்ணப்பப் படிவங்கள் இன்னும் ஏற்பதில்லை. அதனால் ஆங்கில எழுத்தில் ஒரு முகவரி, தமிழில் ஒரு முகவரி, இரண்டும் ஒரே பெட்டியில் சேரும்படி ஏலியாஸ் வைத்துக்கொள்ளலாம். 'செயலாளர்' என்று தமிழில் எழுதி அனுப்பி அது வந்து சேரும்போது இருக்கும் சந்தோஷமே தனி.

'இதெல்லாம் எதுக்கு சார், வாட்ஸப் குரூப் இருக்கே' என்று ஒரு நண்பர் சொன்னார். வாட்ஸப் நாம் நமக்குள் பேசிக்கொள்ள. காலை வணக்கமும் குடிநீர் வராத செய்தியும் அதில் வரட்டும். மாநகராட்சி நோட்டீசும் வங்கிக் கணக்கு விவரமும் நம் குரூப்பைத் தேடி வராது. ஒரு வருஷம் கழித்து அதில் ஒன்றைத் தேடி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். குரூப்பும் யாரோ ஒருவரின் போன் நம்பரில்தானே நிற்கிறது?

'செலவு' என்று இன்னொருவர் சொன்னார். டொமைனுக்கு வருஷத்துக்குத் தோராயமாக ஆயிரம் ரூபாய், பெட்டிகளுக்குத் தனியாகக் கொஞ்சம். பொங்கல் விழா சாமியானாவை விடக் குறைவு. 10 பேர் கொண்ட வாசகர் வட்டத்துக்கு இது அதிகம் என்றால் ஒப்புக்கொள்கிறேன். அவர்கள் குறைந்தபட்சம் வட்டத்தின் பெயரில் ஒரு இலவச முகவரி தனியாகத் திறந்து, மீட்பதற்கான போன் நம்பரும் இன்னொரு முகவரியும் 2 வேறு ஆட்களுடையதாகக் கொடுத்து வைக்கட்டும். அதற்குக் காசு இல்லை.

பதவியில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இதைச் சொன்னால் சில செயலாளர்களுக்குக் கோபம் வருகிறது, 'என்னை நம்பலையா?' என்கிறார்கள். நம்பிக்கை பற்றிய பேச்சே இல்லை ஐயா. பணத்தை உங்கள் சொந்தக் கணக்கிலா போடுகிறீர்கள்? சங்கத்தின் பெயரில் கணக்கு, 2 பேர் கையெழுத்து. உங்களை நம்பாமலா அப்படி வைத்தார்கள்? கடிதமும் சங்கத்தின் சொத்து. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் பதிவு செய்த சங்கம் என்றால், நிர்வாகிகள் மாறினால் பதிவாளருக்குத் தெரிவிக்கிறோம், வங்கியில் கையெழுத்து மாற்றுகிறோம். அதே நாளில் மெயில் பாஸ்வேர்டையும் ஏலியாஸ் வரியையும் மாற்ற 5 நிமிஷம் ஆகாது. அது உங்களுக்கும் பாதுகாப்பு. பதவி விட்ட பிறகு எவனாவது சங்கக் கடிதம் கேட்டு உங்கள் வீட்டுக் கதவைத் தட்ட மாட்டான்.

அடுத்த பொதுக்குழு எப்போது என்று பாருங்கள். அஜெண்டாவில் 'இதர விஷயங்கள்' என்று கடைசியில் ஒன்று இருக்குமே, எல்லோரும் டிபனுக்கு எழுந்திருக்கும் நேரம், அதில் போடாதீர்கள். கணக்கு ஒப்புதலுக்கு அடுத்தபடியாகப் போடுங்கள். தீர்மானம் மூன்றே வரி: சங்கத்தின் பெயரில் டொமைன் வாங்குவது, செயலாளர், பொருளாளர் இருவருக்கும் பதவிப் பெட்டி திறப்பது, நிர்வாகிகள் மாறும் நாளில் பாஸ்வேர்டு மாற்றி மினிட்ஸில் எழுதுவது. நிறைவேற்றி முடித்த சங்கம் ஏதாவது இருந்தால் எனக்கு ஒரு மெயில் போடுங்கள். செயலாளர் முகவரியிலிருந்தே போடுங்கள்.